பரணிலிருந்து புகையடுப்பு வரை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், கேத்தரின் அருவிக்குச் செல்வோர் பிரதான சாலையை விட்டு விலகும் இடம் அரவேணு. அங்கே வசிக்கும் நண்பர் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்கு மகள் டெக்சாஸிலிருந்து குடும்பத்துடன் வருகிறாள். உறவினரையும் சேர்த்தால் இருபது பேர் விருந்துக்கு உட்காருவார்கள். மகள் ஒரு விருப்பத்தைச் சொல்லியிருக்கிறாள். அதைச் சுமந்துகொண்டு நண்பர் என்னிடம் வந்தார்.

"சார், எட்டு கிலோ வான்கோழி. முழுசாப் புகையில வேகணுமாம். அதுக்குன்னு அடுப்பு விக்கிறாங்க, பத்துப் பன்னிரண்டு தினுசு இருக்கு. எதை வாங்கறதுன்னு நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

தமிழ் ஆசிரியனிடம் கேட்கக்கூடிய கேள்விதானா இது என்று முதலில் சிரித்தேன். அவர் கேட்டதிலும் ஒரு முரண் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் புகை என்பது பழுது. உலர்த்தியின் உலையில் எங்கேனும் கசிவு ஏற்பட்டுப் புகை இலையைத் தொட்டுவிட்டால் அந்தத் தேயிலைக்குப் புகைவாடை ஏறிவிடும், விலை போகாது. வாழ்நாள் முழுதும் புகையை விலக்கி வைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதர், இப்போது புகையை வரவழைக்க வழி கேட்கிறார். ஆனால் கேள்வியைத் துருவத் துருவ, இது பறவையின் வரலாறும் புகையின் வரலாறும் அறியாமல் விடை சொல்லக்கூடிய ஒன்றல்ல என்று தோன்றியது. படித்தறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

*

முதலில் பறவை. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயினர். போன இடமெல்லாம் அதற்கு இன்னொரு தேசத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் துருக்கி நாட்டின் பெயரால் அழைத்தனர். துருக்கியரோ 'ஹிந்தி' என்றனர். பிரெஞ்சுக்காரரின் 'தேந்த்' இந்தியாவைச் சுட்டுகிறது. டச்சுக்காரரின் 'கால்கூன்' நம் கோழிக்கோட்டிலிருந்து பிறந்த சொல். நீலகிரியிலிருந்து மேற்கே இறங்கினால் எட்டிவிடும் அதே கோழிக்கோடுதான். போர்ச்சுகீசியர் பெரு நாட்டின் பெயரைச் சூட்ட, இந்தியிலும் அது 'பேரு' ஆயிற்று. ஒரு பெயர்கூட மெக்சிகோவைச் சொல்லவில்லை.

இந்தியாவில் அதன் வருகைக்கு அழகான சான்றொன்று உண்டு. 1612-இல் முகர்ரப் கான், கோவாவிலிருந்து ஜஹாங்கீருக்குக் கொண்டுவந்த அரும்பொருள்களில் வான்கோழியும் இருந்தது. வியந்துபோன பேரரசர் தம் நினைவுக் குறிப்பில் அதை வருணித்து, ஓவியமாகத் தீட்டவும் ஆணையிட்டார். உஸ்தாத் மன்சூர் வரைந்த அந்த வான்கோழி இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜஹாங்கீர் அதை ஒப்பிட்டது மயிலோடு. மயிலைப் போலவே தோகை விரித்து ஆடுகிறது என்று அவர் எழுதுகிறார்.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு மூதுரை நினைவுக்கு வராமல் போகாது. மயிலைப் பார்த்துத் தானும் சிறகை விரித்தாடும் வான்கோழியை, கல்லாதவன் கவி சொல்வதற்கு உவமையாக்கும் வெண்பாவைப் பள்ளியில் படிக்காதவர் குறைவு. மூதுரை ஔவையாரைச் சோழர் காலத்தவர் என்று கொள்வது வழக்கம். அப்படியானால் கொலம்பஸுக்கு முன்பே தமிழகத்தில் வான்கோழி எப்படி வந்தது? மூன்று வழிகள்தாம் உள்ளன. நூல் நாம் எண்ணுவதினும் பிந்தியதாகலாம், வெண்பா இடைச்செருகலாகலாம், அல்லது 'வான்கோழி' அக்காலத்தில் வேறொரு பறவையின் பெயராக இருந்து, பின்னர் வந்த பறவைக்குக் கைமாறியிருக்கலாம். 'வான்' என்பதற்குப் பெருமை என்ற பொருளும் உண்டாகையால், பெரிய கோழி எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளக்கூடிய பெயர்தான் இது. ஆனால் உவமை, தோகை விரிக்கும் அமெரிக்கப் பறவைக்கு இத்தனை கச்சிதமாகப் பொருந்துவதைக் காணும்போது, என் மனம் முதலிரண்டு வழிகளில் ஒன்றையே நாடுகிறது.

*

இனி புகை. நெருப்பின் மேல் நேரே வாட்டுவதும் நீரில் வேகவைப்பதும் நம் இலக்கியம் நன்கறிந்தவை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளிக்கும் விருந்தில், கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியும் வேகவைத்த இறைச்சியும் வருகின்றன. மணப்புகையும் நமக்குப் புதிதன்று. அகிற்புகையூட்டிய கூந்தலைப் பாடாத புலவர் அரியர். உணவில் புகை பெரும்பாலும் காவலுக்கே பயன்பட்டது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, விதைச் சோளத்தை அங்கே வைத்தால் வண்டு அண்டாது. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரை மீனை அவித்துப் புகையிட்டு வெயிலில் காயவைத்துச் செய்யும் மாசி, தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் வந்து சம்பலாகிறது.

பரண் என்ற சொல்லை எழுதும்போது ஒரு வியப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று உலகெங்கும் வழங்கும் 'பார்பிக்யூ' என்ற சொல், கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் மொழியிலிருந்து ஸ்பானியர் கேட்டெழுதிய 'பார்பகோவா'விலிருந்து வந்தது. அதற்குக் கோல்களால் கட்டிய உயர்ந்த மேடை என்று பொருள். தீக்கு மேலே உயரத்தில் மேடையமைத்து அதன்மீது மீனையும் இறைச்சியையும் மெல்ல வாட்டினர். அதே சொல்லை ஓவியேடோ என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் 1526-இல் வெளியான தம் நூலில் இன்னொன்றுக்கும் குறிப்பிடுகிறார். மக்காச்சோளக் கொல்லையில் உயரமாக மேடை கட்டி, அதன்மேல் சிறுவர்கள் இருந்து கூவிக் கிளி ஓட்டுவார்களாம்; அந்த மேடையும் 'பார்பகோவா'தான். தினைப்புனத்தில் இதணத்தின்மீதிருந்து கிளி கடியும் குறிஞ்சித் தலைவியை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறவனுக்கு இதைப் படித்தபோது உண்டான சிலிர்ப்பை நண்பர்கள் ஊகிக்கலாம். நாமும் கொல்லைக் காவல் மேடையையும் அடுப்பின் மேலுள்ள அட்டத்தையும் ஒரே 'பரண்' என்றுதானே அழைக்கிறோம்? இரு மொழிகளுக்கும் உறவில்லை. ஒரே தேவை ஒரே உருவத்தைத் தந்திருக்கிறது, அவ்வளவே.

இந்தச் சொல் வரலாறு நண்பரின் கேள்விக்கும் உதவுகிறது. புகையடுப்பு எத்தனை தினுசாக விற்கப்பட்டாலும் அடிப்படையில் அது ஒரு பரண். தீக்கும் ஊனுக்கும் நடுவே தொலைவு வேண்டும். புகை தேங்கிவிடாமல் கடந்து செல்ல வழி வேண்டும். காற்றைக் கூட்டவும் குறைக்கவும் மூடியும் வாயும் வேண்டும். டீமேக்கருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறவனே சூட்டைக் கட்டுப்படுத்துகிறான் என்பது உலர்த்தியிடம் அவர் கற்ற பாடம்.

*

இந்த அளவுகோலால் இன்றைய அடுப்புகளைப் பார்ப்போம். டெக்சாஸின் பெருமைக்குரியது, பக்கவாட்டில் தனித் தீப்பெட்டி வைத்த நீள உருளை. எண்ணெய்க் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் செய்யப்பட்ட மரபு அது. மாட்டின் நெஞ்சிறைச்சி போன்ற கொழுப்பும் நாருமான துண்டைப் பன்னிரண்டு மணி நேரம் இளகவைப்பதற்காக உருவானது. கொழுப்பு குறைந்த வான்கோழிக்கு அத்தனை நேரம் வேண்டியதில்லை. மெல்லிய தகட்டில் செய்த மலிவான உருளை, மலைக்காற்றிலும் டிசம்பர் மூடுபனியிலும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். ஆள் ஒருவர் விறகோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மரத்தூள் குச்சிகளை எரிக்கும் அடுப்பு 1980-களில் ஒரேகான் மாநிலத்தில் டிரேகர் குடும்பத்தார் கொண்டுவந்தது. வசதியானதுதான். ஆனால் மின்சாரமும் வேண்டும், குச்சிகளும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். மலையில் மழையும் காற்றுமான நாளில் மின்சாரத்தை நம்பி விருந்து வைப்பது துணிச்சல். மின்பெட்டி அடுப்புக்கும் இதே குறை. போதாக்குறைக்குப் பலவற்றில் சூடு 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, பறவையின் தோல் ரப்பராகிவிடும்.

முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு, ஜப்பானியரின் 'கமாடோ'வின் வாரிசு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் ஊருக்குக் கொண்டுபோக, 1974-இல் அட்லாண்டாவில் தனி வணிகமாயிற்று. கனத்த சுவர் சூட்டைப் பிடித்துவைப்பதால் குளிர்நாட்டுக்கு இதுவே சிறந்தது. ஆனால் விலையும் எடையும் மிகுதி; ஆண்டுக்கொரு விருந்துக்கு அத்தனை செலவு தகுமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எஞ்சியது உருண்டைக் கெண்டி அடுப்பு. சிகாகோப் பகுதியில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், 1952-இல் கடல் மிதவை செய்யும் உலோகக் கோளத்தைப் பாதியாக்கிக் காலும் மூடியும் பொருத்தினார். கரியை ஒருபுறம் ஒதுக்கி, மறுபுறம் தண்ணீர்த் தட்டு வைத்து அதன் மேலே பறவையைக் கிடத்தினால், தீக்கும் ஊனுக்கும் தொலைவு கிடைத்துவிடுகிறது. 57 சென்டிமீட்டர் விட்டமுள்ளது போதும். வெள்ளையர் பங்களாக்களின் சமையற்காரர்கள் தேக்சாவுக்கு அடியிலும் மூடிமேலும் கனல் வைத்து ரொட்டியும் இறைச்சியும் வாட்டிய நாட்டின் மனிதருக்கு இந்த வித்தை கைவராமல் போகாது. நண்பருக்கு நான் பரிந்துரைத்தது இதைத்தான்.

இரும்புப் பீப்பாயில் தாமே செய்துகொள்ளலாமா என்றும் கேட்டார். செய்யலாம். ஆனால் தோட்டங்களில் கிடைக்கும் பழைய பீப்பாய் பூச்சிமருந்து இருந்ததா என்று தெரியாமல் தொடக்கூடாது. துத்தநாகம் பூசிய தகடும் கூடாது. விறகுக்குத் தைலமரமும் சைப்ரஸும் ஆகா, அவற்றின் எண்ணெயும் பிசினும் கசப்பேற்றும். கவாத்து செய்த பேரி, பிளம்ஸ், கொய்யாக் கிளைகளை நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தலாம். பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையை எரிப்பது பசையை உண்பதற்குச் சமம். வெண்புகை கொழுந்துவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலப்புகையே நல்லது.

*

இத்தனைக்குப் பிறகும் முதன்மையான விஷயத்தை நான் சொல்லவில்லை. எட்டு கிலோ என்பதுதான் அது.

புகையடுப்பின் சூடு 107-லிருந்து 149 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண்துறை. இறைச்சி 4-க்கும் 60-க்கும் இடைப்பட்ட சூட்டில் நீண்டநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். பறவை பெரிதாகப் பெரிதாக அதன் உட்பகுதி அந்த எல்லையைக் கடக்கும் நேரமும் கூடுகிறது. எனவே முழுதாகப் புகையிட ஏற்றது 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோவுக்குள் உள்ள பறவையே என்பது அத்துறையின் அறிவுரை. தொடையின் உள்ளும் மார்பின் உள்ளும் 74 டிகிரி காட்டிய பிறகே இறக்க வேண்டும். பந்தியில் கைக்குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் இருக்கும் வீட்டில் இது சமையல் நுணுக்கமன்று, உயிர்ப் பிரச்சினை.

வரலாறு இங்கேதான் கைகொடுத்தது. மேசை நிறைக்கும் பிரம்மாண்ட வான்கோழி தொன்மரபு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது 20-ஆம் நூற்றாண்டின் படைப்பு. மார்பு அகன்று, இயற்கையாக இணைசேரவும் இயலாத அளவுக்குப் பெருக்கப்பட்ட இனங்கள் அவை. அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. சிறு குடும்பங்களின் சிறிய அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் பொருந்தும் பறவை வேண்டுமென, மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் அரசு ஆய்வு நிலையத்தில் 1934-இல் பணி தொடங்கி, 'பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை' என்ற இனத்தை உருவாக்கினார்கள். அடுப்பைப் பெரிதாக்காமல் பறவையைச் சிறிதாக்கினார்கள். பின்னாளில் பேரினங்கள் அதைச் சந்தையிலிருந்து தள்ளிவிட்டன. ஆனால் அதன் குருதி நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் 'நந்தனம் வான்கோழி-1', நாட்டுக் கறுப்பையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளையையும் கலந்து உருவானதே.

ஆகவே நண்பரிடம் சொன்னேன்: அடுப்பைத் தேர்வதற்கு முன் பறவையைத் தேருங்கள். எட்டு கிலோவில் ஒன்று வேண்டாம். நான்கு கிலோவில் இரண்டு வாங்குங்கள். முதுகெலும்பை வெட்டியெடுத்து, மார்பை அழுத்தித் தட்டையாக விரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். சீராகவும் விரைவாகவும் வேகும். வயிற்றுக்குள் எதையும் திணிக்க வேண்டாம்.

மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். வெப்பமானி வாங்கிக் கொதிநீரில் சோதித்தாராம். 94 டிகிரிதான் காட்டுகிறது, பழுதுபோலும், திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றார். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அவ்வளவில்தான் கொதிக்கும், கருவி சரியாகவே இருக்கிறது, ஐயமிருந்தால் பனிக்கட்டி நீரில் வைத்துப் பாருங்கள், பூஜ்யம் காட்டும் என்றேன்.

"அதானே, டீ பேக்டரியில இத்தனை வருஷம் இருந்தும் இது தோணலையே சார்," என்று சிரித்தார். பிறகு சற்றுத் தயங்கி, "ரெண்டா வச்சா பாப்பா கோவிச்சுக்குமே?" என்றார்.

பெல்ட்ஸ்வில் கதையை மகளிடம் சொல்லுங்கள் என்றிருக்கிறேன்.