கண், காது நோய்ப் பணிவிடை

கண், காது என்னும் இரு ஞானேந்திரியங்களில் நோயுற்றோருக்கு, மருத்துவர் விதித்த சிகிச்சையை முறைப்படி நிறைவேற்றுவதோடு, புலன் குன்றியதால் எழும் அச்சத்தையும் தணிக்கும் தாதியர் தொண்டு இப்பெயர் பெறும். பெங்களூரில், வைசிராய் மிண்டோ பிரபுவின் பெயர் தாங்கிய கண் மருத்துவமனைக் கட்டடம் 1913இல் திறக்கப்பெற்றது. அக்காலத்தில் கண்புரைக்குச் சஸ்திர சிகிச்சை பெற்றவர், தலையின் இருமருங்கும் மணல் மூட்டைகள் அணைத்திருக்க, கண்கள் கட்டுண்டு, பல நாட்கள் அசையாது மல்லாந்து கிடக்க வேண்டியிருந்தமையால், உணவூட்டல் முதலிய யாவும் தாதியர் கையிலேயே இருந்தன. இன்றோ, அன்றே வீடு திரும்பும் நோயாளிக்குச் சொட்டு மருந்திடக் கற்பிப்பதே தாதியரின் பிரதான கடமை. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டாண்டுகள் பயிற்றி, இத்துறைக்கே புதியதோர் உருவம் தந்தது.

சொட்டு மருந்தைக் கருவிழிமேல் விடலாகாது. கீழிமையைத் தாழ்த்தி அதன் உட்பையில் விட்டு, மூக்கையொட்டிய கண்முனையைச் சற்று அழுத்தினால் அது தொண்டைக்கு வடியாது. காதுக்குரிய மருந்து உடற்சூட்டில் இருத்தல் வேண்டும். குளிர்ந்திருந்தால் தலை சுற்றும். பெரியோர்க்குக் காதுமடலை மேலும் பின்னுமாக, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீழும் பின்னுமாக இழுத்துச் செவிக்குழலை நேராக்குவர். சவ்வு கிழிந்த காதில் நீர் பீச்சுதல் கூடாது. காதில் காய்ச்சிய எண்ணெய் விடும் வீட்டு வழக்கம், எத்துணைப் பழமையானதாயினும், கைவிடத்தக்கதே.