பின்லாந்துக்காரர்கள் விழுங்கிய மாத்திரை

எங்கள் மருந்துக் கடைக்கு வந்து சத்து மாத்திரை கேட்பவர்கள், "இது ஒன்றும் பண்ணாதுல்ல சார்?" என்று கேட்டுக்கொண்டே காசை நீட்டுவார்கள். கேட்பவர் புகைப்பிடிப்பவர் என்று தெரிந்தால் நான் பின்லாந்துக் கதையைச் சொல்லிவிடுவேன்.

கதை 1956இல் தொடங்குகிறது. உயிரணுக்களுக்குள் உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகள், அக்கம்பக்கத்து மூலக்கூறுகளைச் சிதைப்பதால்தான் மூப்பு வருகிறது என்று அமெரிக்காவில் டென்ஹாம் ஹார்மன் எழுதினார். பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1969இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும், சூப்பராக்சைடு என்ற அத்தகைய ஃப்ரீ ராடிக்கலை அடக்குவதற்கென்றே உடலில் ஒரு நொதி இருப்பதைக் காட்டிய பிறகு அந்தக் கருத்துக்கு வலு கூடியது. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதும் தெரியவந்தது. கேரட்டுக்கு நிறம் தருவதும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கக்கூடியதுமான பீட்டா கரோட்டின்தான் காக்கிறதோ என்ற கேள்வியை 1981இல் ரிச்சர்ட் பீட்டோவும் ரிச்சர்ட் டாலும் தம் சகாக்களோடு எழுப்பினார்கள்.

சோதித்துப் பார்க்க முன்வந்த நாடுகளில் ஒன்று பின்லாந்து. 1985 முதல் அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில், 50 முதல் 69 வயது வரையுள்ள புகைப்பிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். இன்னொரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ. மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் விழுங்கினார்கள்.

1994இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. அதே ஆண்களில், சோதனை தொடங்கும்போதே உணவின் வழியாக இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் குறைவாகவே வந்திருந்தது. காய்கறியில் நல்ல துணையாகத் தோன்றிய பொருள், மாத்திரையாகப் பெரிய அளவில் புகைபடிந்த நுரையீரலுக்குள் போனபோது கெடுதலாகிவிட்டது. அமெரிக்காவில் புகைப்பிடிப்பவர்கள், அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் உட்பட 18,314 பேரிடம் நடந்த சோதனையிலும் இதே போக்குத் தெரிந்ததால், 1996 ஜனவரியில் அதை 21 மாதம் முன்னதாகவே நிறுத்தினார்கள்.

கண்ணுக்காவது உதவுமா என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினரும் 798 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஐந்தாண்டு பீட்டா கரோட்டினும் வைட்டமின் சி, ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். கண்புரை வளர்வதை அவை தடுக்கவில்லை.

அந்தப் பின்லாந்துக்காரர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. தங்கள் உடம்பையே கொடுத்து உலகத்துக்கு உண்மையைச் சொன்னவர்கள் அவர்கள். கசப்பான முடிவை மறைக்காமல் வெளியிட்ட ஆய்வாளர்களுக்கும் அதில் பங்குண்டு. அதனால்தான் புகைப்பிடிப்பவரிடம் இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது: பீட்டா கரோட்டின் மாத்திரை உங்களுக்கு வேண்டாம். கீரையும் கேரட்டும் சாப்பிடுங்கள், முதலில் சிகரெட்டை விடுங்கள்.