நாகைக் கப்பலும் பணியாளர் நினைவும்: நீடாமங்கலம் வழித்தடத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காவிரிப் படுகை மக்களை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச்சென்ற நாகப்பட்டினக் கப்பல்கள் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் பயணிகளின் நினைவுகளாகவே அமைந்துள்ளன. அக்கப்பல்களை இயக்கிய பணியாளர்கள் அவற்றில் இடம்பெறுவது அரிது. அத்திலாந்திக் பெருங்கப்பல்களின் பணியாளர் நினைவுகள் பேணப்பட்ட முறையோடு ஒப்பிட்டு, இவ்விடைவெளிக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீடாமங்கலம், நாகப்பட்டினம், ரஜூலா, ரோனா, சிதம்பரம், சாரங்கு, கலாசி, வாய்மொழி வரலாறு

முன்னுரை

தமிழகக் கடல்சார் வரலாற்றில் கப்பல் என்றவுடன் இரு செய்திகள் முன்னிற்கின்றன. ஒன்று, 1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம். மற்றொன்று, தோட்டத் தொழிலுக்கும் வணிகத்துக்கும் கடல் கடந்தோரின் புலம்பெயர்வு. முன்னது கப்பலின் உடைமை பற்றியது. பின்னது கப்பலில் சென்றோர் பற்றியது. கொதிகலனுக்குக் கரி தள்ளியவர், சுக்கான் பிடித்தவர், ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு வடித்தவர் ஆகியோர் இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கின்றனர். இவர்கள் ஏன் நினைக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

1. நீடாமங்கலம்: கடலுக்குச் சென்ற இருப்புப்பாதை

வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பு நீடாமங்கலத்தை அடுத்துள்ளது. நீர் பிரியும் இவ்வூர் இருப்புப்பாதையும் பிரியும் ஊராக மாறியது. நாகப்பட்டினத்தைத் தஞ்சாவூருடன் இணைத்த இருப்புப்பாதை 1861-இல் திறக்கப்பட்டது; மறு ஆண்டு அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. 1915-இல் மன்னார்குடிக் கிளைப்பாதை அமைந்தபின் நீடாமங்கலம் சந்திப்பு நிலையமாயிற்று. மன்னார்குடிப் பகுதியிலிருந்து தொடர்வண்டியில் வந்து கப்பலேறுவோர் இங்கு வண்டி மாறி, கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினத்தை அடைந்தனர். இவ்வகையில் 'அக்கரைச் சீமை'க்கான பயணம் கடற்கரையில் தொடங்கவில்லை. நெல்வயல்களுக்கு நடுவேயிருந்த சந்திப்பு நிலையத்திலேயே தொடங்கிற்று.

நாகப்பட்டினம் கடுவையாற்றின் முகத்துவாரத்தில் அமைந்த துறை. பெருங்கப்பல்கள் கரையை அணுக முடியாமல் கடலுக்குள்ளேயே நங்கூரமிட்டன. பயணிகளும் சரக்கும் படகுகளில் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆகவே படுகையின் மக்கள் அருகிருந்து அறிந்த கடல் தொழிலாளர் உள்ளூர்ப் படகோட்டிகளே. கப்பற்பணியாளர் கரையிறங்கி, கடைத்தெருவில் நடமாடி, ஊரோடு பழகுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது. துறையின் இவ்வியல்பு நினைவின் இயல்பையும் தீர்மானித்தது எனலாம்.

2. அத்திலாந்திக் கப்பல்களின் பணியாளர் நினைவு

ஒப்பீட்டிற்கு வட அத்திலாந்திக் வழித்தடத்தைக் கொள்ளலாம். 1936-இல் முதற்பயணம் மேற்கொண்ட குவீன் மேரி போன்ற கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிந்தனர். பயணிகளுக்குரிய ஆடம்பரக் கூடங்களுக்குக் கீழே, நெருக்கமான படுக்கையறைகளும் பணியாளருக்கென்றே ஒதுக்கப்பட்ட மதுக்கூடமும் கொண்ட தனி உலகம் இயங்கியது. பிரித்தானியக் கப்பல்களில் அம்மதுக்கூடத்திற்குப் 'பிக் அண்ட் விசில்' என்ற பெயரே மரபாயிற்று. நீண்ட வேலை நேரமும் பயணிகளின் அன்பளிப்பை எதிர்நோக்கிய வருவாயும் இருந்தபோதிலும், பிற்காலத்தில் அவ்வாழ்க்கை ஏக்கத்தோடு நினைவுகூரப்பட்டது. 1958-இல் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கியபின் அக்கப்பல்கள் ஒவ்வொன்றாக விலகின. 1967 முதல் குவீன் மேரி கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிலைநிறுத்தப்பட்டுள்ளது. பணியாளரின் நினைவுகளோ சவுத்தாம்ப்டன், லிவர்பூல் ஆகிய நகரங்களின் வாய்மொழிப் பதிவுகளில் நிலைபெற்றன.

இந்நினைவு நிலைபெற்றதற்குக் கப்பலின் பெருமை மட்டும் காரணமன்று. கப்பல் புறப்படும் துறையே பணியாளரின் ஊராகவும் இருந்தது. ஒரே தெருவில் பலர் ஒரே கப்பலில் பணிபுரிந்தனர். ஓய்வுபெற்றபின் சொல்வோரும் கேட்போரும் ஒரே ஊரில் வாழ்ந்தனர். துறையும் ஊரும் ஒன்றாயிருந்தமையே அங்கு நினைவைக் காத்தது.

3. ரஜூலாவும் அதன் பணியாளரும்

நாகப்பட்டின வழித்தடத்தில் இந்நிலை இல்லை. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ரஜூலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. மேல்தளப் பயணிகளாக மட்டும் ஏறத்தாழ 5,000 பேரை ஏற்றத்தக்கதாக அது தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்னும் வழியில், உலகப்போர்க்கால இடைவெளி தவிர, அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைய ஓடிய கப்பல் அது. விரித்த பாய், தகரப் பெட்டி, கடல்மயக்கம், பினாங்கின் முதற்காட்சி ஆகியவை பயணிகள் நினைவில் மீண்டும் மீண்டும் வருகின்றன. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ரஜூலா ஒரு குடும்பப் பெயர்போல் ஆகிவிட்டது.

இத்தகைய கப்பல்களின் இந்தியப் பணியாளர் ஆவணங்களில் 'லஸ்கர்' எனக் குறிக்கப்பட்டனர். பிரித்தானிய நிறுவனங்கள் இவர்களைப் பெரும்பாலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சேர்த்தன. மேல்தளப் பணிக்குச் சட்டகிராமம், நோவகாளி, குஜராத், கொங்கணக் கடற்கரை ஆகிய பகுதிகளிலிருந்தும், எந்திர அறைக்குச் சில்ஹெட், பஞ்சாப் முதலிய பகுதிகளிலிருந்தும், உணவறைப் பணிக்குக் கோவாவிலிருந்தும் ஆட்கள் எடுக்கப்பட்டனர். சாரங்கு தம் ஊராரையும் உறவினரையும் சேர்த்தார். பணி கிடைப்பதற்காக அவரிடம் கடன்பட்டோர் பலர். ஊதியம் ஐரோப்பிய மாலுமியின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையே இருந்தது. 1939-இல் போர் தொடங்கியபோது இந்தியக் கப்பல் தொழிலாளர் பல துறைகளில் வேலைநிறுத்தம் செய்தனர். பலர் சிறை சென்றனர். அதன்பின்னரே ஊதியம் உயர்ந்தது.

இவர்களுக்கும் நினைவுகள் உண்டு. அவை நாகப்பட்டினத்தில் தங்கவில்லை. சில்ஹெட்டிலிருந்து சென்று இலண்டனில் குடியேறிய முன்னாள் கப்பல் தொழிலாளரின் வாழ்க்கைக் கதைகளைக் கரோலின் ஆடம்ஸ் தொகுத்து 1987-இல் வெளியிட்டார். கோவாக் கப்பல் பணியாளரின் நினைவுகள் பம்பாயில் அவர்கள் ஊர்தோறும் அமைத்துக்கொண்ட 'கூட்' எனப்படும் தங்கும் மன்றங்களைச் சார்ந்து வளர்ந்தன. பயணியின் நினைவு தமிழிலும் பணியாளரின் நினைவு சில்ஹெட்டி, கொங்கணி மொழிகளிலும் சேமிக்கப்பட்டமையால், ஒரே கடல்வழியின் இரு பாதிகள் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை.

4. சொற்களில் எஞ்சிய சுவடு

நினைவு கைவிட்டதை மொழி ஓரளவு காத்துள்ளது. பாரசீக வழிவந்த சாரங்கு, அரபு வழிவந்த சுக்கான், சமையற்காரரைக் குறிக்கும் பண்டாரி ஆகியவை கப்பற்பணியின் பொதுச்சொற்கள். ஆங்கிலக் கப்பல் ஆவணங்களில் 'டிண்டல்' என வரும் பதவிப்பெயர் தமிழ், மலையாளக் கடற்கரைகளின் 'தண்டல்' என்னும் சொல்லோடு தொடர்புடையது. ஈழத்து வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் தலைவரைக் குறித்த 'தண்டையல்' என்பதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

கப்பல் பணியாளரைக் குறித்த 'கலாசி' என்னும் சொல் இருப்புப்பாதைத் துறையின் கடைநிலைப் பதவிப்பெயராகவும் நிலைத்தது. தென்னிந்திய இருப்புப்பாதையின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு மாற்றப்படும்வரை நாகப்பட்டினத்தில்தான் இயங்கியது. கடலில் சரக்கையும் கயிற்றையும் கையாண்டவருக்குரிய பெயர் இருப்புப்பாதை வழியே உள்நாட்டுக்கும் வந்துள்ளது. கப்பல் தொழிலாளரை அறியாத ஊர்களிலும் அவர்களின் பெயர் வழங்கிற்று.

5. ரோனா: மறைக்கப்பட்ட இறப்பு

ரஜூலாவின் இணைக்கப்பலான ரோனாவும் 1926-இல் கட்டப்பட்டு இதே வழித்தடத்தில் ஓடியது. போரில் படைவீரர் கப்பலாக்கப்பட்ட அது, 1943 நவம்பர் 26-இல் அல்ஜீரியக் கடற்கரைக்கு அப்பால், தொலைவிலிருந்து இயக்கப்பட்ட ஜெர்மானியக் குண்டால் தாக்கப்பட்டு மூழ்கியது. 1,015 அமெரிக்கப் படைவீரர் இறந்தனர். இச்செய்தி நெடுங்காலம் மறைத்துவைக்கப்பட்டது. பின்னர் உயிர்பிழைத்த படைவீரர்களும் இறந்தோரின் குடும்பத்தாரும் எடுத்த முயற்சியால் அமெரிக்காவில் அது பொது நினைவுக்கு வந்தது.

அதே கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட பணியாளரும் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். அமெரிக்கப் படைவீரரின் சான்றுகளில் இப்பணியாளர்மீது கடுமையான குறைகூறல்கள் உள்ளன. அவற்றுக்கு மறுமொழி கூறும் பணியாளர் தரப்புச் சான்றுகள் அவ்வாறு தொகுக்கப்படவில்லை. இரண்டாம் உலகப்போரில் இறந்த இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் பணியாளர் என 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்ப் பதிவேடு மும்பையிலும் சட்டகிராமத்திலும் உள்ளது. நாகப்பட்டினம் அறிந்த கப்பலின் இறந்தோரைத் தேட வேண்டிய இடம் அதுவே. நினைவின்மை ஒரு வெற்றிடமாக நிற்பதில்லை என்பதையும் ரோனா காட்டுகிறது. பேசாதவர் குறித்துப் பிறர் பேசியதே வரலாறாகிவிடுகிறது.

6. பாஸ்டர் சிதம்பரமானபோது

அத்திலாந்திக் மரபும் நாகை வழித்தடமும் ஒரு கப்பலில் நேரடியாகச் சந்தித்தன. பிரெஞ்சு நிறுவனமொன்று 1966-இல் ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே இயக்கிய பாஸ்டர் என்னும் கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, மேல்தளப் பயணிகளுக்கேற்பப் படுக்கைக் கூடங்கள் அமைத்து, 1973-இல் 'சிதம்பரம்' என்ற பெயரில் நாகை வழியே சிங்கப்பூருக்கு விட்டது. அவ்வாண்டிலேயே ரஜூலாவும் அக்கழகத்துக்கு விற்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, பின்னர் உடைக்கப்பட்டது. 1985 பிப்ரவரியில் வங்காள விரிகுடாவில் சிதம்பரம் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அக்கப்பலின் பணி அத்துடன் முடிந்தது. நீடாமங்கலம் - மன்னார்குடிக் கிளைப்பாதை 1976-இலேயே மூடப்பட்டிருந்தது. அது 2011-இல்தான் மீண்டது.

சிதம்பரம் அயல்நாட்டு நிறுவனத்தின் கப்பலன்று. இந்திய அரசுடைமைக் கழகத்தின் கப்பல். அதில் இருபது வயதில் கடைசியாகப் பணிபுரிந்தவரும் இன்று அறுபதை எட்டியவர் அல்லது கடந்தவர். கப்பல் பணியாளர் ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் தொடர் பணிச்சான்றேடு அவர் ஏறிய கப்பல், சேர்ந்த நாள், விலகிய நாள், நடத்தைக் குறிப்பு ஆகியவற்றைத் தாங்கியது. குடும்பப் பெட்டிகளில் இருக்கக்கூடிய இவ்வேடுகள் நிறுவன ஆவணங்களுக்கு இணையான மூலங்கள். அவற்றைக் கையில் வைத்துப் பேசச்செய்யும்போது, நாளும் கப்பலும் உறுதிப்பட்ட வாய்மொழிச் சான்றுகள் கிடைக்கும்.

முடிவுரை

அத்திலாந்திக் கப்பல்களின் பணியாளர் நினைவுகள் பேணப்பட்டதற்குத் துறையும் ஊரும் ஒன்றாயிருந்தமை காரணம். நாகப்பட்டினத்தில் துறை தமிழருடையதாகவும் பணியாளரின் ஊர் வங்கம், கோவா, குஜராத் எனத் தொலைவிலும் இருந்தமையால், பயணியின் ஏக்கம் மட்டுமே இங்குத் தங்கியது. எனவே ரஜூலா பற்றிய தமிழ் நினைவுகளை மட்டும் தொகுப்பது அக்கப்பலின் வரலாறாகாது. அவை சில்ஹெட்டி, கொங்கணி வாய்மொழிகளோடும் மும்பை, சட்டகிராமப் பெயர்ப் பதிவேடுகளோடும் இணைத்துப் படிக்கப்பட வேண்டும். ரஜூலா காலத்துப் பணியாளரிடம் நேரில் கேட்பதற்கான காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. சிதம்பரத்தின் பணியாளரிடம் கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் கல்வி நிறுவனங்கள் முதலில் மேற்கொள்ள வேண்டிய கள ஆய்வு அதுவே.