டிக்கிக்குள் ஒரு வரலாறு: ஸ்டெப்னி முதல் மஞ்சள் ஜாக்கெட் வரை

இந்த எபிசோடை ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்டெப்னி. பஞ்சர் கடையிலும் மெக்கானிக் ஷெட்டிலும் கால் டாக்ஸி டிரைவர் வாயிலும் தினமும் புழங்குற வார்த்தை. இங்கிலீஷ்தானேன்னு நினைப்போம். ஆனால் லண்டனில் ஒருத்தரிடம் போய், "உங்க கார்ல ஸ்டெப்னி இருக்கா?"ன்னு கேட்டா, அவருக்குக் கிழக்கு லண்டனில் இருக்கும் ஒரு பேட்டைதான் ஞாபகம் வரும். மாற்றுச் சக்கரத்துக்கு அந்தப் பெயரை அவங்க எப்பவோ மறந்துட்டாங்க. நாம மறக்கலை. மால்டா தீவுக்காரங்க மறக்கலை. பிரேசிலில் அது கொஞ்சம் உருமாறி 'எஸ்டேப்பி' என்று இன்னும் உயிரோட இருக்கு.

கார் நடுவழியில் நின்னு போனா என்ன பண்றதுன்னு யோசிச்சு, மனுஷங்க 130 வருஷமா டிக்கியில் எதை எதையெல்லாம் கட்டி எடுத்துட்டுப் போனாங்க என்பதுதான் இன்னிக்குக் கதை. அந்தப் பையைத் திறந்து பார்த்தா, அந்தந்தக் காலத்துக்காரங்க எதுக்குப் பயந்தாங்கன்னு தெரியும்.

முதல் பயணத்தில் அப்படி ஒரு பையே இல்லை. 1888 ஆகஸ்ட், ஜெர்மனியின் மான்ஹைம் நகரம். கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டி ஷெட்டில் நிற்கிறது. வாங்க ஆளில்லை. அவர் மனைவி பெர்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், ஓய்கன், ரிச்சர்ட் என்ற இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். தூரம் 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உலகத்தில் யாரும் அதுவரை காரில் அவ்வளவு தூரம் போனதில்லை. வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, மெக்கானிக் கிடையாது. 'பிரேக்டவுன்' ஆகிற மாதிரி இன்னொரு கார்கூட அந்த ரோட்டில் கிடையாது.

வழியில் எல்லாம் வரிசையாகக் கெட்டுப்போனது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சுத்தம் பண்ணினார். பற்றவைக்கும் கம்பியின் மேலுறை தேய்ந்துபோனது. காலுறை நழுவாமல் கட்டும் பட்டையைக் கழற்றி அதில் சுற்றினார். செயின் தகராறு செய்தபோது ஒரு கொல்லர் சரிசெய்தார். மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்ததும் ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய் அதன் மேல் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்ற சமாச்சாரத்தின் ஆரம்பம்னு அதைச் சொல்றாங்க. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் கறை நீக்குவதற்காக விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அந்த மருந்துக்கடைதான் உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க்னு அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் பெருமையாகச் சொல்லிக்கிறாங்க. மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினாங்க.

இந்தக் கதையை வழக்கமாகத் 'துணிச்சலான பெண்' கதையாகச் சொல்வாங்க. அது உண்மைதான். ஆனால் எனக்கு இதில் பிடித்தது வேற. கொல்லர், செருப்புத் தைப்பவர், மருந்துக்கடைக்காரர். ஒவ்வொரு பத்து இருபது கிலோமீட்டருக்கும் கைத்தொழில் தெரிந்த ஒரு ஆள் இருந்த உலகம் அது. பெர்தாவின் எமர்ஜென்சி கிட் உண்மையில் அந்த ஊர்கள்தான்.

அந்த வசதி இல்லாத நாட்டில் என்ன ஆகும்? 1903-ல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரைக்கும் காரில் போய்க் காட்டுறேன்னு 50 டாலர் பந்தயம் கட்டினார். கூட ஸூவல் கிராக்கர் என்ற மெக்கானிக். 20 குதிரைத்திறன் வின்டன் கார். இவங்க எடுத்துட்டுப் போன சாமான்களைக் கேளுங்க: தூங்கும் பைகள், போர்வைகள், தண்ணீர்ப் பை, கோடாலி, மண்வெட்டி, தொலைநோக்கி, உதிரி பாகங்கள், கப்பியும் கயிறும், பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் தனித்தனி டப்பா, ஒரு கோடாக் கேமரா, துப்பாக்கிகள். பாதிப் பட்டியல் காட்டுக்குப் போறவங்களோடது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அப்போ ரோடுன்னு சொல்றதே மாட்டுவண்டித் தடம்தான்.

கிளம்பி 25 கிலோமீட்டர் போவதற்குள் டயர் வெடித்தது. கடைசியில் 63 நாளில் போய்ச் சேர்ந்தாங்க. நடுவில் டியூப் எல்லாம் தீர்ந்துபோய்ச் சக்கரத்தில் கயிறு சுற்றி ஓட்டிய நாட்களும் உண்டு. சேற்றில் மாட்டினால் கப்பியை மரத்தில் கட்டி, காரைக் காரே இழுத்துக்கொள்ளும். உதிரி பாகம் வேணும்னா கிளீவ்லாந்தில் இருந்த கம்பெனிக்குத் தந்தி அடித்துவிட்டு, ரயிலில் வரும்வரை நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கணும். நடுவில் ஐடஹோவில் பட் என்ற ஒரு புல்டாக்கையும் சேர்த்துக்கொண்டு, தூசிக்கு அதுக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டாங்க. இது வரலாற்றுக்குத் தேவையில்லாத தகவல், ஆனாலும் விட மனசு வரலை.

ஆறு வருஷம் கழித்து, 1909-ல், 22 வயது ஆலிஸ் ராம்சே நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓட்டினார். கூட வந்த மூன்று பெண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. 59 நாள், 11 தடவை டயர் மாற்றல். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தது, உடைந்த பிரேக் பெடலைச் சரிசெய்தது எல்லாம் அவரே. ரேடியேட்டர் கொதித்து நின்றபோது பக்கத்து வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டுவர பாத்திரம் இல்லை. தோழிகளின் டூத்பிரஷ் வைக்கும் கண்ணாடிக் குழல்களில் மொண்டு மொண்டு ஊற்றினாங்க. அதே 1909-ல் இங்கிலாந்தில் டோரதி லெவிட் என்ற பந்தய வீராங்கனை பெண் ஓட்டுநர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். சீட்டுக்கு அடியில் ஒரு அறையில் கையுறை, கைக்கண்ணாடி, கொஞ்சம் சாக்லேட் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தனியாகப் போனால் ஒரு துப்பாக்கியும். கைக்கண்ணாடி முகம் பார்க்க மட்டும் இல்லை, தூக்கிப் பிடித்துப் பின்னால் வர்ற வண்டியைப் பார்க்கவும்தான். ரியர் வியூ மிரர் கார்களில் வழக்கமாகாத காலம்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வர்ற வில்லன் டயர். அந்தக் காலத்துக் காரில் சக்கரத்தைத் தனியாகக் கழற்ற முடியாது. பஞ்சர் ஆனால் ரோட்டிலேயே உட்கார்ந்து, லிவர் போட்டு டயரை நெம்பி, டியூபை உருவி, ஓட்டையைத் தேடி, பேட்ச் ஒட்டி, திரும்ப மாட்டி, கைப்பம்பில் காற்று அடிக்கணும். நம்ம பஞ்சர் கடை அண்ணன் அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலையை, கோட்டு சூட்டு போட்ட ஒருத்தர் மழையில் உட்கார்ந்து செய்கிற மாதிரி நினைச்சுப் பாருங்க. அதுவும் குதிரை லாடத்து ஆணிகள் இறைந்து கிடந்த ரோட்டில்.

இங்கேதான் ஸ்டெப்னி வருது. வேல்ஸில் லனெல்லி என்று ஒரு ஊர். அங்கே தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904 வாக்கில் ஒரு யோசனை பண்ணினாங்க. ஆரக்கால் இல்லாத ஒரு வெறும் வளையம், அதில் ஏற்கெனவே காற்றடித்த டயர். பஞ்சர் ஆன சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். இந்த வளையத்தை அதன் பக்கத்தில் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் ஊர் போய்ச் சேரலாம். கடை இருந்த தெரு ஸ்டெப்னி தெரு. அந்த ஊரில் செல்வாக்காக இருந்த ஒரு குடும்பத்தின் பெயர் அது. தெருப் பெயரே சாமானுக்கும் ஆகிவிட்டது. லண்டன் டாக்ஸிகளில் அது பரவியது, பிரிட்டிஷ் வண்டிகள் போன ஊருக்கெல்லாம் போனது, இந்தியாவுக்கும் வந்தது. அதுக்குப் பிறகு நட்டைக் கழற்றி முழுச் சக்கரத்தையே மாற்றும் முறை வந்து, அந்த வளையம் காணாமல் போச்சு. பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு. நாம 'ஸ்டெப்னி மாத்து'ன்னு சொல்லும்போது, வேல்ஸில் ஒரு தெருவின் பெயரைச் சொல்றோம்.

அடுத்த ஐம்பது அறுபது வருஷம் டிக்கியில் பெரிய மாற்றம் இல்லை. நம்ம ஊர் அம்பாசடர் காலத்தையே எடுத்துக்கோங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் செட், பேட்டரி மக்கர் பண்ணினால் சுற்றி ஸ்டார்ட் பண்ண ஒரு ஹேண்டில், உபரி ஃபேன் பெல்ட், பாயின்ட்டைத் தேய்க்க உப்புத்தாள், ஊட்டி மலையேறும்போது ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர் கேன். எல்லாமே காருக்கான மருந்துப் பெட்டி. ஓட்டுகிறவர் பாதி மெக்கானிக் என்று வைத்துத்தான் அந்தப் பை.

பிறகு கார் நல்லதாகிக்கொண்டே வந்தது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்ததும் உப்புத்தாள் போச்சு. டியூப்லெஸ் வந்ததும் பாதிப் பஞ்சர் பயம் போச்சு. இன்னிக்கு பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது. நாம தொட ஒண்ணுமில்லை. ஆனால் அதே காலத்தில் ரோடு மாறிப்போச்சு. பெர்தாவின் வண்டி மணிக்கு 16 கிலோமீட்டர் போகும். அது நடுவழியில் நின்றால் யாரும் சாக மாட்டாங்க. இன்னிக்கு நாலு வழிச் சாலையில் இரவில் ஒரு கார் நின்றால், ஆபத்து காருக்குள் இல்லை. 100-ல் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

ஐரோப்பா இதைக் கொஞ்சம் முன்னாடியே பிடிச்சிக்கிச்சு. எச்சரிக்கை முக்கோணம் 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இருக்கு. பிரான்ஸ் 2008-ல் ஒவ்வொரு காரிலும் முக்கோணமும், வெளிச்சம் பட்டால் மின்னும் மஞ்சள் ஜாக்கெட்டும் கட்டாயம் என்றது. பிரபல ஃபேஷன் டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்டையே அதைப் போட்டுக்கொண்டு விளம்பரத்தில் நிற்க வைத்தாங்க. பார்க்க அசிங்கம், எதோடும் பொருந்தாது, ஆனால் உயிர் காக்கும் என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம். பத்து வருஷம் கழித்து, 2018 நவம்பரில், எரிபொருள் வரியை எதிர்த்துத் தெருவில் இறங்கியவங்க எல்லோரும் அதே ஜாக்கெட்டைப் போட்டிருந்தாங்க. அரசாங்கமே சட்டம் போட்டு ஒவ்வொரு டிக்கியிலும் சீருடை வைத்துக் கொடுத்த போராட்டம் அது!

ஸ்பெயின் அடுத்த படிக்குப் போயிருக்கு. முக்கோணத்தை வைக்கக் கீழே இறங்கி நடக்கிறவங்க மேலேயே வண்டி மோதுகிறது என்று சொல்லி, 2026 ஜனவரி முதல் அதுக்குப் பதிலாக, கையை நீட்டிக் காரின் கூரை மேல் ஒட்டும் ஒரு மின்னும் விளக்கைக் கட்டாயமாக்கினாங்க.

நம்ம நாட்டு நெடுஞ்சாலையில் முக்கோணத்துக்கு வேற ஒரு வடிவம் உண்டு: ரெண்டு கல், ஒரு மரக்கிளை. லாரி கிளம்பின பிறகும் கல் அங்கேயே கிடக்கும், அடுத்து வர்ற பைக்குக்கு அதுவே எமன். மத்திய அரசின் வருடாந்திர சாலை விபத்து அறிக்கையில், நிற்கும் வாகனத்தில் மோதிய விபத்துன்னு தனியாக ஒரு வகையே இருக்கு.

இன்னொரு விஷயமும் நடந்தது. 2020 ஜூலையில் நம்ம மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால், காரோடு ஸ்டெப்னி கொடுக்கத் தேவையில்லை. எலக்ட்ரிக் கார்களில் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். அந்த கிட் ஆணி குத்தின ஓட்டையை அடைக்கும். பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டில் கிழிந்த டயரை அதால் ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம ரோட்டில் எது அதிகம்னு உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டால், கார் வாங்கப் போகும்போது மைலேஜ், சன்ரூஃபுக்கு முன்னாடி டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வேன்.

என் டிக்கியில் இப்போ என்ன இருக்குன்னு கேட்டு நிறையப் பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. ரெண்டு மின்னும் ஜாக்கெட், முக்கோணம், தலையில் மாட்டுற டார்ச், ஜம்பர் கேபிள், இழுக்கிற கயிறு, கையுறை, அஞ்சு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட், சார்ஜ் போட்ட பவர் பேங்க், செல் செத்துப்போனாலும் கையில் இருக்குமாறு முக்கியமான நம்பர்கள் எழுதின ஒரு தாள். அதில் முதல் நம்பர் 1033, தேசிய நெடுஞ்சாலை உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க. அப்புறம் 112. ஜாக்கெட் மட்டும் டிக்கியில் இல்லை, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி. இறங்குறதுக்கு முன்னாடி போடணும், இறங்கி டிக்கியைத் திறந்து தேடினால் பிரயோஜனம் இல்லை. வண்டி நின்றதும் ஹசார்ட் லைட், ஜாக்கெட், எல்லோரும் இடது பக்கமாக இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம். ரோடு அமைதியாக இருந்தால் மட்டும் முக்கோணம், 50 மீட்டருக்கு மேல் பின்னால். போன் பண்றது அதுக்கப்புறம்தான். டயரை நாமளே மாத்தலாமான்னு யோசிக்கிறது அதுக்கும் அப்புறம்.

உங்க கார்ல ஸ்டெப்னி இருந்தால், இந்த வாரம் காற்றடிக்கப் போகும்போது அதையும் வெளியே எடுங்க. நாலு சக்கரத்துக்கும் அடிச்சுட்டு, அஞ்சாவதை எல்லோரும் மறந்துடறோம்.