பால் செலவும் நாப்கினும்

பெரம்பலூர், அரியலூர் கரிசலில் பருத்திக்குக் குறைவில்லை. ஆனால் அங்கேயும் மாதவிலக்கு நாட்களில் பழந்துணியே கதி என்றிருந்த பெண்கள் ஏராளம். காரணம், நாப்கின் விலை!

1998-ல் கோவை அருணாசலம் முருகானந்தம், மனைவி சாந்தி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்தார். நாப்கின் வாங்கினால் பால் செலவைக் குறைக்க வேண்டும் என்றார் சாந்தி.

பஞ்சில் அவர் செய்த நாப்கின் தோற்றது. கம்பெனிகள் பயன்படுத்துவது மரக்கூழ் என்று கண்டுபிடிக்க இரண்டு வருடத்துக்கு மேலானது. அதற்குள் ஊர் பழித்தது. சாந்தியும் பிரிந்து போய், பல வருடம் கழித்தே திரும்பினார்.

கோடிகளில் விற்ற இயந்திரத்தின் வேலையைச் செய்ய, லட்சத்துக்கும் குறைவான விலையில் இயந்திரம் உருவாக்கி மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த வீட்டுக் கணக்கில் பாலுக்கு இடமிருந்தது, சாந்தியின் உடம்புக்கு இல்லை. தொழில் பிறந்தது அங்கேதான்.