பட்டுப் போட்டியில் நம்ம பங்கு

காஞ்சிபுரம் பட்டுக்கு நூல் கர்நாடகத்திலிருந்து வருது, ஜரிகை சூரத்திலிருந்து வருது. ஊருக்குச் சொந்தம் கைவேலைதான். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கிற கோர்வையில்தான் நம்ம பேரே இருக்கு.

அந்தப் பேருக்குத்தான் போட்டி. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. ஆனாலும் விசைத்தறிச் சேலை நம்ம பேரைச் சொல்லியே கடைக்கு வந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி 1999-இல் இந்தியா புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றியது. டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவானது. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டும் பதிவானது. இனி வேறு ஊர்ச் சேலையை இந்தப் பேரில் விற்கக் கூடாது.

பேருக்குக் காவல் வந்தாச்சு, வேலைக்கு? தார் சுற்றுவதும் இழை பிணைப்பதும் பெரும்பாலும் எங்களைப் போன்ற வீட்டுப் பெண்கள்தான். சேலைக்கான கூலி தறிக்காரர் கணக்கில் ஏறும். எங்க உழைப்பு எந்தப் புத்தகத்திலும் ஏறாது. விசைத்தறியோடு விலையில் மோதும்போது முதலில் குறைவது இந்த எழுதாத கூலிதான்.

சகோதரிகளே, சேமிப்பையும் கடனையும் குழுப் புத்தகத்தில் எழுதப் பழகினோம். தார் சுற்றிய நாளையும் அதே மாதிரி எழுதுவோம். கணக்கு இருந்தால்தான் கூலி கேட்க முடியும்.