பிரசிடெண்டும் குடியரசுத் தலைவரும்

சுருளிப்பட்டியிலோ நாராயணத்தேவன்பட்டியிலோ ‘பிரசிடெண்டு வீடு எது?’ என்று கேட்டால் ஊராட்சித் தலைவரின் வீட்டைக் காட்டுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் அதுதான். ‘முன்னே அமர்தல்’ என்னும் லத்தீன் வினையில் பிறந்து, ஆங்கிலம் வழியாக நம் ஊர்ச் சாவடிவரை வந்த சொல் அது. ஊராட்சித் தலைவரை ஊரே நேரடியாக ஓட்டுப்போட்டு அமர்த்துகிறது. ஊராட்சி ஒன்றியத்தில் அப்படியில்லை. மக்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்க, கவுன்சிலர்கள் கூடிச் ‘சேர்மனை’த் தேர்ந்தெடுக்கிறார்கள். டெல்லி பிரசிடெண்டின் தேர்தல் இந்தச் சேர்மன் தேர்தலுக்குத்தான் நெருங்கிய உறவு.

அவருக்குத் தமிழ் வைத்த ‘குடியரசுத் தலைவர்’ என்னும் பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘குடி’ மிகப் பழைய சொல். குடும்பம், குலம், ஊர், ஆளப்படும் மக்கள் என்று விரிந்தது. குடியானவர் என்று இன்றும் உழவரைக் குறிக்கிறது. அரசனுக்கு உரிய ஆறனுள் ஒன்றாகக் குடியையும் எண்ணியது திருக்குறள். அரசனுடைய உடைமைப் பட்டியலில் இருந்த அதே சொல், ‘குடியரசு’ என்னும்போது அரசுக்கே முன்னால் வந்து நிற்கிறது. தமிழ்ச் சொற்களில் இவ்வளவு பெரிய இடமாற்றம் கண்டவை குறைவு. 1925இல் பெரியார் ஈரோட்டில் தொடங்கிய வார இதழுக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தார்.

நாளிதழ்கள் சில எழுதும் ‘ஜனாதிபதி’ வேறு கட்டு: ஜனங்களின் அதிபதி. இலங்கையில் அதுவே அரசுச் சொல். அங்கே 1982 முதல் மக்களே நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்முடையவரோ குடிகளின் தலைவர் அல்லர், குடியரசின் தலைவர். அந்தக் குடியரசின் மன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே, அதாவது நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் மட்டுமே, அவருக்கு வாக்களிக்கிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கு அதில் வாக்கில்லை. ஆகவே நம் முறைக்குப் பொருந்திய பெயர் ‘குடியரசுத் தலைவர்’தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் பெயரில் உள்ள குடி தேர்தலில் எங்கே? வாக்கின் மதிப்பில் இருக்கிறது. மாநில மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு வரும். தமிழ்நாட்டுக்கு 4 கோடியே 12 லட்சத்தை 234ஆலும் ஆயிரத்தாலும் வகுக்க, 176. ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் நான்கு தொகுதிகளும் சேர்ந்து 704. லோயர்கேம்ப்பில் மலையேறிக் குமுளிக்குள் நுழைந்தால் பீர்மேடு தொகுதி. கேரளக் கணக்கில் அங்கே 152. ஒரே மாநிலத்துக்குள் ஆளுக்கு ஆள் இதில் ஏற்றத்தாழ்வு கிடையாது. 2002 ஜூலையில் அப்துல் கலாமும் லட்சுமி சேகலும் போட்டியிட்டபோது ஆண்டிபட்டி உறுப்பினர் முதலமைச்சர் ஜெயலலிதா. அவருக்கும் 176, கம்பம் உறுப்பினருக்கும் 176.

இதில் எண்ணப்படும் குடி 1971ஆம் ஆண்டின் குடி. 2026க்குப் பின் எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வெளியாகும்வரை அந்த எண்தான் செல்லும்.